இளைஞர் மன்றத்தில் தேனீ வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் ரப்பர்த் தோட்டங்களை ஒட்டிய ஊர்களில் தேனீ வளர்ப்பு நெடுநாளாக நடந்துவரும் தொழில். அங்கே ஓர் ஊர் இளைஞர் மன்றத்தில் தேனீ வளர்ப்பைப் பொதுப் பணியாகத் தொடங்கி, சில பருவங்கள் தவறியும் திருத்தியும் நடத்திய அனுபவத்தில் எழுதப்பட்டவை இந்த விடைகள். மற்ற ஊர் மன்றத்தினர் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டவையே இங்குள்ள கேள்விகள். பருவக் கணக்கு எங்கள் மாவட்டத்துக்கு உரியது. பிற மாவட்டத்தினர் தங்கள் ஊரில் பூக்கும் காலத்தைக் கொண்டு அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மன்றம் செய்வதற்கு எத்தனையோ பணிகள் இருக்க, தேனீ வளர்ப்பை ஏன் எடுக்க வேண்டும்?

பெரும்பாலான மன்றப் பணிகள் ஒரு நாளில் முடிபவை. விளையாட்டுப் போட்டி, இரத்ததான முகாம், குளம் தூர்வாருதல் ஆகியவற்றுக்கு நாற்பது பேர் திரண்டு வந்து உழைத்துவிட்டுக் கலைந்து போகலாம். தேன்பெட்டிக்கு நாற்பது பேர் தேவையில்லை. ஆனால் வாரம் தவறாமல் வருகின்ற ஐந்து பேர் ஆண்டு முழுவதும் தேவை. இந்தப் பழக்கத்தை வேறு எந்தப் பணியும் இவ்வளவு தெளிவாகக் கற்றுக் கொடுத்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெட்டியே விடை சொல்லிவிடும்.

எங்கள் பகுதியில் இந்தத் தொழில் வேரூன்றியதே ஓர் இளைஞர் அமைப்பின் வழியாகத்தான் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் 1911 முதல் 1917 வரையிலான காலத்தில் இந்தியத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறிய மரப்பெட்டி ஒன்றை வடிவமைத்து, கிராமத்து மக்களுக்குப் பயிற்சி அளித்தார். அதன்பின் 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறித்தவ இளைஞர் அமைப்பின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், கோழி வளர்ப்பு, நெசவு முதலியவற்றோடு தேனீ வளர்ப்பையும் சிறு விவசாயிகளின் துணைத்தொழிலாகப் பரப்பினார். அப்போது இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நிலமில்லாதவரும் செய்யக்கூடிய தொழில் என்பதுதான் அன்று அதற்கு இருந்த பெரிய ஈர்ப்பு, இன்றும் அதுவே. தேனீ வேலி பார்ப்பதில்லை. அடுத்தவர் தோட்டத்துப் பூவிலிருந்து மதுரத்தை, அதாவது தேனாக மாறும் இனிப்புச் சாற்றை, எடுத்து வந்து, அந்தத் தோட்டத்துக்கு மகரந்தச் சேர்க்கையைக் கொடுத்துவிட்டு வருகிறது.

எந்தத் தேனீயை வளர்ப்பது?

நம் ஊர்களில் காணப்படுபவை பல. பெரிய மரக்கிளைகளிலும் பாறைகளிலும் கட்டடங்களின் விளிம்பிலும் ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. அதைப் பெட்டிக்குள் வளர்க்க முடியாது, சீண்டினால் உயிருக்கே ஆபத்து. புதர்களில் கையகல அடை கட்டும் கொம்புத் தேனீயும் பெட்டிக்குள் அடங்காது. மரப்பொந்திலும் சுவர்ப் பொந்திலும் இருட்டில் பல அடைகளை அடுத்தடுத்து இணையாகக் கட்டும் இந்தியத் தேனீ, அதாவது அடுக்குத் தேனீ, பெட்டிக்குப் பழகும். கொடுக்கில்லாத சிறுதேனீயையும் வளர்க்கலாம். இத்தாலியத் தேனீ அதிகத் தேன் தரும் என்பது உண்மைதான்; ஆனால் அதற்கு ஆண்டு முழுவதும் பரந்த பூப்பரப்பும், பெட்டிகளை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லும் வசதியும், உண்ணிகளைக் கட்டுப்படுத்தும் அனுபவமும் வேண்டும்.

புதிய மன்றத்துக்கு இந்தியத் தேனீயே ஏற்றது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவர்களும் ஆர்வம் காட்டினால் அவர்களுக்கெனச் சிறுதேனீக் கூடு ஒன்றைத் தனியே வைப்பது நல்லது. அதில் கிடைக்கும் தேன் மிகக் குறைவு. ஆனால் வாயிலருகே உட்கார்ந்து அச்சமின்றிப் பார்க்கலாம்.

எந்த மாதத்தில் தொடங்க வேண்டும்?

இந்த ஒரு விடையைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் முதலாண்டுத் தோல்விகளில் பாதியைத் தவிர்த்துவிடலாம்.

எங்கள் பகுதியில் ஆண்டு மூன்று பகுதிகளாகப் பிரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேனீக் குடும்பம், அதாவது ஒரு ராணியும் அதன் கூட்டமும், பெருகும் காலம். ராணி நிறைய முட்டையிடும், புதிய அடைகள் எழும், குடும்பங்களைப் பிரித்துப் பெருக்கலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தேன் வரத்துக் காலம். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது இளந்துளிரின் காம்பில், மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் மதுரம் ஊறுகிறது. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கின்றனர்; பெரும்பகுதி துளிரிலிருந்து வருகிறது என்பதை உறுப்பினர்களுக்கு மரத்தடியில் நிறுத்திக் காட்டினால் அவர்கள் மறக்கவே மாட்டார்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பஞ்ச காலம்.

ஆகவே, தொடங்க ஏற்ற மாதங்கள் அக்டோபரும் நவம்பரும். ஒரு முறை எங்களுக்கு மானியத்தில் பெட்டிகளும் குடும்பங்களும் ஜூலையில் வந்து சேர்ந்தன. வாங்கியவுடன் வைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வைத்தோம். ஆகஸ்டு முடிவதற்குள் பெரும்பாலானவை ஓடிப்போயின. பெட்டியை மட்டும் பெற்றுக்கொண்டு, குடும்பத்தை அக்டோபரில் தாருங்கள் என்று எழுதிக் கேட்டிருக்க வேண்டும்.

எத்தனை பெட்டிகளுடன் தொடங்குவது?

இரண்டு. ஒன்று போதாது, பத்து கூடாது. ஒரே பெட்டி இருந்தால் அதன் நிலை நல்லதா கெட்டதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இரண்டில் ஒன்று ராணியை இழந்தால் மற்றதிலிருந்து முட்டையுள்ள அடை ஒன்றைக் கொடுத்து அதைக் காப்பாற்றலாம். பத்துப் பெட்டிகள் வைத்தால் எதையும் சரியாகப் பார்க்க முடியாமல் கற்றலும் நின்றுவிடும். நன்றாக நடந்தால் இரண்டு பெட்டிகளே அடுத்த டிசம்பருக்குள் நான்காகப் பெருகும். புதிதாக வந்த இரண்டும் மன்றத்தின் சொந்தக் கையால் உருவானவை என்பதால் அவற்றின் மீதுள்ள அக்கறையே வேறாக இருக்கும்.

பெட்டியை உள்ளூர்த் தச்சரிடம் செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம், ஆனால் நல்ல மாதிரிப் பெட்டி ஒன்றைத் தச்சர் கையில் கொடுத்து அளவு மாறாமல் செய்யச் சொல்ல வேண்டும். நியூட்டன் பெட்டியில் அடிப்பலகை, தேனீக்கள் அடை கட்டும் ஏழு மரச்சட்டங்கள் கொண்ட புழு அறை (முட்டையும் புழுவும் வளரும் இடம்), அதன்மேல் உயரம் குறைந்த தேன் அறை, மூடி ஆகியவை உண்டு. இவற்றில் உயிரான அளவு, சட்டங்களுக்கும் சுவருக்கும் இடையே விடும் இடைவெளி. 1851-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்பவர் இந்த இடைவெளியின் பயனை உணர்ந்து கழற்றி மாட்டும் சட்டங்களை அமைத்தார். இன்றைய பெட்டிகள் அனைத்தும் அந்தக் கண்டறிதலின் மேல் நிற்பவை. இந்தியத் தேனீக்கு இது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். இதைவிடக் குறைந்தால் தேனீ நடமாட முடியாது. கூடினால் அந்த இடத்தில் குறுக்கே அடை கட்டிச் சட்டங்களை ஒட்டிவிடும். அப்படி ஒட்டிய சட்டத்தை இழுக்கும்போது அடை கிழிந்து, ராணியே நசுங்கிப் போவதும் உண்டு. மரம் நன்கு உலர்ந்ததாக, கடும் வாசனை அற்றதாக இருக்க வேண்டும். உட்புறம் வண்ணம் பூசக் கூடாது.

வேறு என்ன கருவிகள் தேவை?

முகத்திரை, புகைப்பான், சட்டத்தை நெம்ப ஒரு தட்டையான உளி, மெழுகு மூடியைச் சீவும் கத்தி, தேன் எடுக்கும் சுழல்கருவி. முதல் மூன்றும் தொடக்க நாளிலேயே வேண்டும். சுழல்கருவி விலை கூடியது. அதை ஆண்டுக்குச் சில நாள்களே பயன்படுத்துவோம் என்பதால் முதலாண்டில் அருகிலுள்ள தேனீ வளர்ப்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வதே சிக்கனம். எங்களுக்கு அப்படிக் கொடுத்து உதவியவர்தான் பின்னர் எங்கள் ஆசானாகவும் ஆனார்.

தேனீக் குடும்பத்தை எங்கே பெறுவது?

நம்பகமான தேனீ வளர்ப்பவரிடம் விலைக்கு வாங்குவது எளிது. வாங்கும்போது நான்கு அடைகளாவது தேனீக்களால் மூடியிருக்கின்றனவா, முட்டையும் புழுவும் மூடிய கூட்டுப்புழுவும் மூன்றும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். முட்டை இருந்தால், ராணியைக் கண்ணால் காணாவிட்டாலும், மூன்று நாள்களுக்குள் அது அங்கே இருந்திருக்கிறது என்று பொருள். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும் அல்லவா.

பொந்தில் இருக்கும் குடும்பத்தைப் பெட்டிக்கு மாற்றுவது இரண்டாவது வழி. இதை அனுபவம் உள்ளவர் உடனிருக்க, மாலை நேரத்தில் செய்ய வேண்டும். மெல்லப் புகையூட்டி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, புழு உள்ள அடைகளைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி வாழைநாரால் சட்டத்தோடு கட்டுவார்கள். சில நாளில் தேனீக்களே மெழுகிட்டு அடையைச் சட்டத்தோடு பொருத்திவிடும். நாரையும் தாமே கடித்து அப்புறப்படுத்தும். ராணி பெட்டிக்குள் வந்துவிட்டால் மற்றவை தாமாகவே அணிவகுத்து உள்ளே நுழையும். அந்தக் காட்சியைப் பார்த்த பின் மன்றத்தை விட்டு விலகிய உறுப்பினர் எங்களில் ஒருவரும் இல்லை.

பெட்டியை எங்கே வைக்க வேண்டும்?

நண்பகல் வெயில் நேராக விழாத, காலை வெயில் படுகின்ற, தண்ணீர் தேங்காத இடம் நல்லது. வாயில் கிழக்கு நோக்கி இருக்கலாம். நடைபாதையையும் தொழுவத்தையும் பள்ளிக்கூட வாசலையும் நோக்கி இருக்கக் கூடாது. பெட்டிகளுக்கு இடையே இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தாவிட்டால் எறும்பு ஒரே இரவில் குடும்பத்தை விரட்டிவிடும். அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் பார்ப்பது, உறுப்பினர்கள் முறைவைத்துச் செய்யும் பணிகளின் பட்டியலில் முதல் வேலை. தேனீக்கள் குடிக்க ஆழமில்லாத சட்டியில் கூழாங்கற்களைப் போட்டுத் தண்ணீர் வைக்கலாம்.

கொட்டுமே, பயமில்லையா?

கொட்டும். இதை மறைத்து உறுப்பினர் சேர்ப்பது தவறு. இந்தியத் தேனீ இயல்பில் சாதுவானது. நாம் செய்யும் தவறுகளால்தான் பெரும்பாலும் கொட்டு வாங்குகிறோம். வாயிலுக்கு எதிரே நிற்பது, மழைத்தூறலில் திறப்பது, சட்டத்தை வெடுக்கென்று இழுப்பது, தேனீயை நசுக்குவது ஆகியவை முதன்மையான தவறுகள். ஒரு தேனீ கொட்டும்போது வெளிப்படும் எச்சரிக்கை மணம் மற்றத் தேனீக்களையும் அழைக்கும். அந்த மணம் பழுத்த வாழைப்பழத்தின் மணத்தை ஒத்தது. எனவே வாழைப்பழம் தின்றுவிட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று மூத்தோர் சொல்வதில் காரணம் இருக்கிறது. வாசனைத் திரவியம், மணமுள்ள தலை எண்ணெய், கருநிற உடை, கம்பளி உடை ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். உறுப்பினர்களான பெண்கள் அன்று மல்லிகை சூடாமல், கூந்தலைத் துணியால் மூடிக்கொண்டு வர வேண்டும். முடியில் சிக்கிய தேனீ வெளியேற வழியின்றிக் கொட்டிவிடும்.

புகை அவற்றை மயக்குவதில்லை. கூட்டுக்குத் தீ ஆபத்து என்று கருதித் தேனீக்கள் தேனைக் குடித்து வயிறு நிரப்பிக்கொள்வதும், எச்சரிக்கை மணத்தைப் புகை மறைப்பதும்தான் அவற்றை அடங்கச் செய்கின்றன. இந்தியத் தேனீக்கு இரண்டு மூன்று வீச்சு போதும். மிகுந்தால் அடையை விட்டு ஓடத் தொடங்கிவிடும்.

கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுக்க வேண்டும். கொடுக்கோடு ஒட்டியிருக்கும் நச்சுப்பை தொடர்ந்து நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். ஆதலால் எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதே முக்கியம். அந்த இடத்தில் வீக்கமும் அரிப்பும் வருவது இயல்பு. ஆனால் உடல் முழுவதும் தடிப்பு, முகம் அல்லது தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஒவ்வாமை என்று கருதி, கைமருந்து பார்க்காமல் உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முன்பு குளவியோ தேனீயோ கொட்டி அத்தகைய நிலைக்கு ஆளானவர்களைப் பெட்டி அருகே விடக் கூடாது. அவர்கள் பதிவேடு, பூ நாள்காட்டி, விற்பனை ஆகிய பணிகளைச் செய்யலாம். பதினெட்டு வயது நிறையாதவருக்குப் பெற்றோரின் எழுத்து மூலமான ஒப்புதல் கட்டாயம். பெட்டியைத் திறக்கும்போது ஒருவர் தனியாக இருக்கவே கூடாது.

பெட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்கலாம்? திறந்து எதைப் பார்ப்பது?

பெருக்கக் காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறை. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் சுருக்கமாக. எங்கள் முதல் மாதத்தில் ஆர்வ மிகுதியால் நாள்தோறும் யாராவது ஒருவர் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் வாரம் ஒரு காலை, பெட்டியில் தேனீயே இல்லை. இந்தியத் தேனீ தொந்தரவைப் பொறுக்காது. பட்டினி, எறும்பு, வெயில், ஓயாத தொந்தரவு ஆகியவற்றில் எது மிகுந்தாலும் கூட்டைக் கைவிட்டுப் போய்விடும். அதன் பின்தான், திறக்காத நாள்களில் வாயிலை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஐந்து நிமிடத்தில் எத்தனை தேனீக்கள் காலில் மகரந்த உருண்டையோடு நுழைகின்றன என்று எண்ணி எழுதினாலே உள்நிலை ஓரளவு புலப்படும்; மகரந்தம் நிறைய வருகிறதென்றால் பெரும்பாலும் உள்ளே புழு வளர்கிறது.

ஏழு நாள் என்பதற்கும் காரணம் உண்டு. புது ராணிக்கான அறையில் இடப்பட்ட முட்டை மூன்றாம் நாள் பொரிந்து, ஏறத்தாழ எட்டாம் நாளில் அந்த அறை மூடப்படும். மூடியதை ஒட்டியே பழைய ராணி ஒரு கூட்டத்துடன் பிரிந்து பறக்கும். ஏழு நாளுக்கு ஒருமுறை பார்ப்பவர் அந்த அறை மூடப்படும் முன் அதைக் கண்டுவிடலாம்.

திறந்தவுடன் முட்டை உண்டா, புழுக்கள் முத்துப்போல் வெண்மையாக உள்ளனவா, அடையின் ஓரத்தில் தேனும் மகரந்தமும் உள்ளனவா, அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலை போலத் தொங்கும் ராணி அறைகள் உண்டா என்று பார்த்து, பத்து நிமிடத்துக்குள் மூடிவிட வேண்டும். ஆண் தேனீ அறைகளின் மூடியில் நடுவே ஊசித்துளை போன்ற ஒரு துளை தெரியும். அதை நோய் என்று எண்ணி அஞ்ச வேண்டாம், இந்தியத் தேனீயின் இயல்பு அது. ஓர் அறைக்குள் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால் ராணியை இழந்து பணித்தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிவிட்டன என்று பொருள். அப்போது தாமதிக்காமல் ஆசானை அழைக்க வேண்டும். பார்த்ததை அன்றே பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

குடும்பத்தை நாமே பிரிப்பது எப்படி?

அடைகளெல்லாம் தேனீக்களால் நிறைந்து, ராணி அறைகள் முதிர்ந்திருக்கும் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, பழைய ராணியையும் பாதி அடைகளையும் புதிய பெட்டிக்கு மாற்ற வேண்டும். முதிர்ந்த ராணி அறை பழைய பெட்டியிலேயே இருக்கட்டும். நல்லதொன்றை விட்டு மற்றவற்றை நீக்கிவிடலாம். வெளிவரும் இளம் ராணி வெளியே பறந்து ஆண் தேனீக்களுடன் சேர்ந்து திரும்பி வந்து முட்டையிடத் தொடங்கும். அந்தப் பறத்தலின்போது அதைப் பறவை பிடித்துவிடவும் கூடும் என்பதால், வெளிவந்து இரண்டு வாரத்துக்குள் முட்டையைக் கண்ணால் காணும் வரை பிரிப்பு வெற்றி என்று எழுதிவிடக் கூடாது. முதலாண்டில் இதைப் பார்த்துக் கற்பதும் இரண்டாமாண்டில் செய்வதும் முறை.

மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுப்பது சரியா?

பஞ்ச காலத்தில் கொடுக்காவிட்டால் குடும்பம் இறக்கும் அல்லது ஓடும். வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து, ஆறவைத்து, மாலையில் பெட்டிக்குள் வைக்க வேண்டும். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே மாலையில் கொடுத்தால்தான் ஒன்றையொன்று கொள்ளையிடாது. வெல்லமும் கருப்பட்டியும் கொடுத்தால் கழிச்சல் வரும். முன்பின் அறியாத இடத்துத் தேனைக் கொடுத்தால் நோய் வரலாம்.

தேன் அறை மேலே இருக்கும்போதும் தேன் வரத்துக் காலத்திலும் ஒரு துளிப் பாகும் கொடுக்கக் கூடாது. அப்போது தேன் அறையில் சேர்வது தேனாக இருக்காது, தேனீ சேமித்த சர்க்கரைப் பாகாகவே இருக்கும்; அதை விற்பது கலப்படம். எங்கள் மன்றத்தில் இந்த விதியை மீறினால் பொறுப்பிலிருந்து விலக்குவது என்று எழுதி வைத்திருக்கிறோம்.

நோய்களும் பகைகளும் எவை?

மெழுகு அந்துப்பூச்சிதான் அன்றாடப் பகை. தேனீக்கள் மூடாமல் விட்ட பழைய, கறுத்த அடைகளில் முட்டையிட்டு, அதன் புழு அடையைத் துளைத்து வலை பின்னும். மழைக்காலத்தில் வெற்று அடைகளை எடுத்துவிட்டு, அடிப்பலகையைத் துடைத்து வந்தால் இதைத் தடுக்கலாம். வாயிலில் காத்திருக்கும் குளவிகளை வாயிலைச் சிறிதாக்கித் தடுக்கலாம். பஞ்சுருட்டான் குருவி பறக்கும் தேனீக்களைப் பிடிக்கும். அதைக் கொல்ல வேண்டியதில்லை, பெட்டியைச் சற்று மரச்செறிவுள்ள இடத்துக்கு மாற்றினால் போதும்.

நோய்களில் கொடியது தாய்லாந்தின் பெயரால் ‘தாய் சாக் புரூட்’ (Thai sacbrood) எனப்படும் வைரஸ் நோய். 1991, 1992 ஆண்டுகளில் இது தென்னிந்தியாவில் பரவி இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தது. பல தலைமுறைத் தேனீ வளர்ப்பாளர்கள் வெறும் பெட்டிகளை அடுக்கிவைத்துவிட்டு ரப்பர்ப் பால்வெட்டுக்கும் கூலி வேலைக்கும் போனார்கள். நோயுற்ற புழு நீர் நிறைந்த பைபோல் ஆகி, தலை மேல்நோக்கி நிமிர்ந்தபடி அறைக்குள் இறந்து கிடக்கும். காய்ந்தபின் படகு வடிவில் இருக்கும். இதற்கு மருந்தில்லை. நோயுள்ள பெட்டியின் சட்டத்தை மற்றதில் வைக்காமல் இருப்பது, கைகளையும் உளியையும் கழுவுவது, ராணியைச் சில நாள் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தி நோய்ச் சுழற்சியை அறுப்பது, நோய்க்கு நடுவே தப்பி நின்ற வலிய குடும்பங்களிலிருந்தே பெருக்குவது ஆகியவைதாம் வழிகள்.

அக்கம்பக்கத்தில் பூச்சிமருந்து தெளிக்கிறார்களே?

சண்டை வேண்டாம், நேரில் போய்ப் பேசுங்கள். பூத்திருக்கும் பயிருக்குத் தெளிப்பதைத் தவிர்க்கவும், தெளிக்கத்தான் வேண்டுமென்றால் தேனீக்கள் அடங்கிய மாலைப் பொழுதில் தெளிக்கவும், முந்தின நாள் சொல்லிவிடவும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் இதற்குச் செவிசாய்த்தவர்களுக்கு ஆண்டுதோறும் முதல் அறுவடையில் ஒரு குப்பித் தேன் போகிறது.

தேன் எப்போது, எப்படி எடுப்பது?

தேன் அறையின் சட்டங்களில் முக்கால் பங்குக்கு மேல் மெழுகால் மூடப்பட்ட பின்னரே எடுக்க வேண்டும். தேனீ சிறகடித்து நீரை வற்றவைத்து, தேன் முதிர்ந்தது என்று கருதிய பின்புதான் மூடுகிறது. மூடாத தேன் முதிராத தேன். ரப்பர் வரத்து மிகும் வாரங்களில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை சட்டங்கள் நிறையலாம். மூடியைக் கத்தியால் சீவி, சுழல்கருவியில் மெல்லச் சுழற்றி எடுத்து, வெற்று அடையைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். அடையைக் கட்டத் தேனீ செலவிடும் தேன் மிகுதி என்பதால், அடையைச் சிதைக்காமல் திருப்பிக் கொடுப்பதே இந்த முறையின் சிறப்பு. புழு அறையில் உள்ள தேனை எந்த நிலையிலும் தொடக் கூடாது. அது குஞ்சுகளின் மழைக்கால உணவு. நன்கு பராமரித்த குடும்பத்திலிருந்து ஆண்டுக்கு எட்டுப் பத்துக் கிலோ எதிர்பார்க்கலாம். முதலாண்டில் இரண்டு கிலோ கிடைத்தாலும் மன நிறைவோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

எடுத்த தேன் புளிக்கிறது, சில வேளை உறைகிறது. கெட்டுவிட்டதா?

இரண்டும் வெவ்வேறு. உறைதல் இயற்கை, தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாவதால் ஏற்படுவது, கலப்படத்துக்கு அடையாளமன்று. குப்பியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும். புளிப்பது நீர் மிகுதியால். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தேனில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; எங்கள் ஈரக்காற்றில் ரப்பர்த் தேன் எளிதில் அதைத் தாண்டிவிடும். அவசரப்பட்டு எடுத்தால் நுரைத்துப் புளிக்கும். எறும்பு மொய்க்காது, தண்ணீரில் கரையாது, தீக்குச்சி எரியும் என்பன போன்ற வீட்டுச் சோதனைகளை நம்பி யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். அவற்றால் தூய்மையை உறுதிப்படுத்த முடியாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாவில் தடவுவதும் கூடாது. அரிதாக உயிருக்கே ஆபத்தான நச்சு நோய்க்கு அது காரணமாகலாம். இதைக் குப்பியின் தாளிலேயே அச்சிடுங்கள்.

விற்பனையும் பங்கும் எப்படி?

மன்றங்கள் உடைவது இந்த இடத்தில்தான். தேன் வருவதற்கு முன்பே, கூட்டத்தில் எழுதி முடிவு செய்துவிடுங்கள்: எவ்வளவு பங்கு அடுத்த ஆண்டின் சர்க்கரைக்கும் பழுதுபார்ப்புக்கும், எவ்வளவு முறைப்பணி செய்தோருக்கு, எவ்வளவு மன்ற நிதிக்கு. முறைப்பணிப் பங்கு பதிவேட்டில் உள்ள கையொப்பங்களின் எண்ணிக்கைப்படி அமையட்டும். வேலைக்காக ஊரை விட்டுச் செல்லும் உறுப்பினர் பெட்டியை எடுத்துச் செல்லலாமா என்பதையும் அன்றே தீர்மானியுங்கள். விற்பதற்குச் சிறு உற்பத்தியாளருக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை. மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. அத்தகைய அமைப்பு அருகில் இருந்தால் மொத்தமாகக் கொடுக்கும் வாய்ப்பையும் கேட்டறியலாம்.

பயிற்சியும் உதவியும் எங்கே கிடைக்கும்?

கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையும், மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களும் பயிற்சி தருகின்றன. காதி கிராமத் தொழில் ஆணையம் 2017 முதல் தேன் இயக்கத்தின் வழியே பெட்டிகள் வழங்கி வருகிறது. தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலும் மானியம் பற்றிக் கேட்கலாம். ஆனால் ஒருநாள் பயிற்சி ஆண்டின் மூன்று பருவநிலைகளையும் காட்டாது. பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு மூத்த தேனீ வளர்ப்பாளரை நாடி, ஓர் ஆண்டு அவர் பெட்டி திறக்கும் நாள்களில் உடன் நிற்க அனுமதி கேளுங்கள். மறுப்பவர்கள் குறைவு.

எங்கள் பெட்டியிலிருந்து தேனீக்கள் ஓடிவிட்டன. இனி என்ன செய்வது?

முதலில் காரணத்தைப் பெட்டிக்குள்ளேயே தேடுங்கள். தேன் துளியும் இல்லையென்றால் பட்டினி. வலை பின்னியிருந்தால் அந்துப்பூச்சி. இறந்த புழுக்கள் நிமிர்ந்து கிடந்தால் நோய். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் நம் தொந்தரவு. நோய் என்றால் அடைகளை எரித்துவிட்டு, பெட்டியைச் சோப்பு நீரில் கழுவிப் பல நாள் வெயிலில் உலர்த்த வேண்டும். மற்றக் காரணங்கள் என்றால் அடைகளை உருக்கி மெழுகாக்கி, பெட்டியைச் சுரண்டித் துடைத்து வைக்கலாம். பின்னர் அக்டோபரில் சட்டங்களின் மேல்கட்டையில் அந்த மெழுகைத் தடவி, மரநிழலில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வாயில் திறந்தபடி வைத்துவிடுங்கள். பிரிந்து பறக்கும் கூட்டங்கள் இடம் தேடும் காலம் அது. பழைய மெழுகின் மணத்துக்கு அவை தாமாகவே வந்து குடியேறுவதுண்டு. முதலில் ஐந்தாறு தேனீக்கள் வாயிலைச் சுற்றி வந்து உள்ளே புகுந்து பார்ப்பதைக் கண்டால், அன்று யாரும் பெட்டியைத் தொட வேண்டாம்.